நீ வெளியே வந்த பிறகு அந்த அறையில் பேசியது

ஆரணி, நீ கட்டிவைத்த பெட்டிகள் நடையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குளியலறைக்குப் போவதென்றால் ஒரு பக்கமாகத் திரும்பி நுழைந்து போக வேண்டியிருக்கிறது. அப்பா இரண்டு முறை காலை இடித்துவிட்டு, “ஒரு வீட்டையே கொண்டுபோறாள்” என்று முணுமுணுத்தார். சனிக்கிழமை நீ நம் ரொக்ஸ்பரோ வீட்டை விட்டு நகரத்துக்குள், பல்கலைக்கழகப் பெண்கள் சேர்ந்திருக்கும் உன் சங்கத்து வீட்டுக்குக் குடிபோகிறாய். அடுத்த கிழமை அந்த வீட்டுக்குச் சங்கத்தில் சேர விரும்பும் புதுப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். போன வருடம் அவர்களைப் போல உடுத்திக்கொண்டு வாசலில் நின்ற நீ, இந்த வருடம் உள்ளேயிருந்து கதவைத் திறப்பாய். அதற்கு முன் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே கையை உயர்த்தி, “அம்மா, அது றூல், அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது” என்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குக் கை உயர்த்த முடியாது.

போன கிழமை வேலையிடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆற்றுக்கு அக்கரையில், லொங்கேயில் அன்று நல்ல காற்று. ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. முதலில் சுகம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“உங்கட மகள் அந்தச் சங்கத்திலதானே இருக்கிறா?”

“ஓம், இந்தச் சனிக்கிழமை அங்கயே குடிபோறா.”

“என்ர மகளும் இந்த முறை போய்ப் பாக்கப் போறாளாம். ஒரு சொல்லுச் சொல்லி விடுங்கோ. நல்ல பிள்ளை. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்.”

“ஓம், நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

அவ்வளவுதான். மறுபடி மேசையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. நாங்கள் இந்த ஊரில் வாழப் பழகியதே அப்படித்தான். வீடு தேடினாலும், வேலை தேடினாலும், பிள்ளையை garderie என்கிற குழந்தைப் பராமரிப்பிடத்தில் சேர்ப்பதென்றாலும் முதலில் கேட்பது, உள்ளே நமக்குத் தெரிந்தவர்கள் யார் என்பதைத்தான். உனக்குக் கோடை வேலை கிடைத்ததும் அப்பாவின் நண்பர் ஒருவர் சொல்லிவிட்டதால்தான். கேட்டால் மறுப்பது நம் வாய்க்குப் பழக்கமில்லை. ஆனால் உன் சங்கத்து வீட்டு விதி எனக்குத் தெரியும். வெளியிலிருந்து யாரும் யாருக்காகவும் பேசக் கூடாது; உள்ளே இருப்பவர்களும் யாருக்கும் முன்கூட்டியே நம்பிக்கை கொடுக்கக் கூடாது. விதி தெரிந்துகொண்டே வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி உன்னிடம் சொன்னால் உன்னை இக்கட்டில் மாட்டுவேன். சொல்லாவிட்டால் அந்த அம்மாவை ஏமாற்றுவேன். இதை யோசித்துக்கொண்டே மஞ்சள் கோட்டு மெற்றோவில் வந்தவள், ஆற்றுக்குக் கீழே ரயில் போகும்போது, போன வருடம் நீ சங்கத்து வீடுகளுக்கு ஏறி இறங்கிய அந்தக் கிழமையை நினைத்துக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கும், கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கும் அந்தச் சங்கங்களைப் பற்றி நீ பேச்சை எடுத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, “கிரேக்கம் தெரியாமல் உன்னை எப்படிச் சேர்ப்பினம்?” என்பது. நீ சிரித்துச் சோபாவில் விழுந்தாய். ஆனால் நான் எங்கே வளர்ந்தேன் என்று யோசித்துப் பார். பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் வீட்டுக்காரர் கிரேக்கர். பாண் கடை கிரேக்கக் கடை. எதிரே கிரேக்கக் கிழவர்கள் நாள் முழுக்கச் சீட்டாடும் கோப்பிக் கடை. எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்த மாத்திரத்தில் அது கிரேக்கம் என்று தெரியும். பிறகு நீ இப்போது படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில் நானும் படித்தேன். அந்தத் தெருவில் கதவுக்கு மேலே கிரேக்க எழுத்துப் போட்ட வீடுகளைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் நடந்தேன். பணக்காரக் கிரேக்கர்களின் சங்கங்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அந்த வீடுகளுக்குள் என் வயதுப் பெண்கள் ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொண்டு இருந்தார்கள் என்பதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் உன் கிழமையை நான் ஒரு வேற்று நாட்டுச் சடங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கேள்வி கேட்டே உன்னைக் களைக்கப் பண்ணினேன். முதல் நாள் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம். ஒருத்தியோடு கதைக்கத் தொடங்கும்போதே மணி அடித்து அடுத்தவள் வருவாள். பிறகு நீங்கள் உங்களுக்குப் பிடித்த வீடுகளைச் சொல்வீர்கள். அவர்கள் தங்களுக்குப் பிடித்த பிள்ளைகளைச் சொல்வார்கள். மறுநாள் அழைக்கும் வீடுகள் குறையும். அதற்கடுத்த நாள் இன்னும் குறையும். நீ இதைச் சொல்லி முடித்ததும், “அப்ப இது பொம்பிளை பாக்கிறதுதானே” என்றேன். “இல்லை அம்மா, நாங்களும்தான் பாக்கிறம்” என்று கோபப்பட்டாய். பொம்பிளை பார்க்கிறபோதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை.

முதல் நாள் மாலை நீ காரில் ஏறியபோது உன் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலிலேயே வீடு வரும்வரை கதைத்தாய். நீலக் கதவு வீட்டில் ஒரு பெண், அவளும் உன்னைப் போல நீச்சல் பழக்கியவளாம், அவளுக்கும் குளோரின் மணம் தலைமுடியிலிருந்து போவதில்லையாம். “அம்மா, அவள் என்னை முதலே தெரிஞ்ச மாதிரிக் கதைச்சவள்” என்றாய். உன்னை நான் அப்படிக் கண்டதில்லை. பத்தொன்பது வயதுவரை நீ யாரிடமும் உன்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்ட பிள்ளை இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய செஜெப்பில் இரண்டு வருடமும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போய் வந்தாய். அப்படிப்பட்டவள் இவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று கண்டபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆசைப்படுகிறவர்களைத்தான் மறுக்க முடியும்.

மறுநாள் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னை ஏற்றிக்கொண்டு வர நேரத்தோடே போய்விட்டேன். போகும்போது ஒரு தட்டில் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்து, தாள் போட்டு மூடி எடுத்துப்போனேன். ஒரு வீட்டில் என் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு இருத்திக் கதைக்கிறார்கள். அந்த வீட்டு வாசலுக்கு வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு வரவில்லை. நீலக் கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்தாள். “Bonjour” என்றேன். அவளுடைய முகம் மிக அழகாகச் சிரித்தது. கை மட்டும் தட்டைத் தொடவில்லை. மன்னிக்க வேண்டும், இந்தக் கிழமை நாங்கள் எதுவும் வாங்கக் கூடாது என்று மிக மரியாதையாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் நீ நின்றாய். நீ என்னைப் பார்த்த பார்வையில் நான் தட்டோடு காருக்குத் திரும்பி வந்தேன்.

காரில் ஏறி, இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டாய்.

“ஏன் அம்மா வந்தனீங்கள்?”

“உன்னை ஏத்தத்தான்.”

“கதவடிக்கு ஏன் வந்தனீங்கள்?”

நான் காரை எடுத்தேன். மறுநாள் காலை உனக்குச் செய்தி வந்தது. அழைத்த வீடுகளில் நீலக் கதவு வீடு இல்லை. நீ சமையலறையில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாய். பிறகு மெல்லச் சொன்னாய், “றோல்ஸாலதான்.” அப்பா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மிஞ்சியிருந்த றோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “அப்ப அதுகளுக்கு ருசி தெரியாது, விடு” என்றார். நீ சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. நீ குழந்தையாயிருந்தபோது அழுததற்கெல்லாம் எனக்குக் காரணம் தெரியும்; பசி, காய்ச்சல், தூக்கம். இதற்குக் காரணம் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. “நான் என்ன பிழையாச் சொன்னனான்?” என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். குளோரின் கதை சொன்ன பெண்ணோடு கதைத்த ஒவ்வொரு வசனத்தையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். நானும் என் பங்குக்கு அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், ஒரு வருடமாக எனக்குள் இருப்பது கவலை இல்லை, ஆவல். நீ வெளியே வந்து கதவு சாத்திய பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள்? யார் முதலில் உன் பெயரைச் சொன்னது? யாராவது றோல்ஸ் என்ற சொல்லைச் சொன்னார்களா? அல்லது உன்னைப் பற்றிப் பேசவே நேரம் இல்லாமல் போய்விட்டதா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. உன் பெரியம்மாவைப் பொம்பிளை பார்க்க ஒட்டாவாவிலிருந்து ஆட்கள் வந்த கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. நல்ல பனிக்காலம். அவர்கள் எங்கள் வீட்டு வெளிப்படியில் வழுக்கி வழுக்கி ஏறி வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் என்னென்ன சமைப்பீர் என்று கேட்டார். அக்கா, “எனக்குப் பெரிசாச் சமைக்கத் தெரியாது” என்றா. அந்த வசனம் முடியவும் தெருவில் சைரன் ஊதவும் சரியாக இருந்தது. பனி அள்ள வருகிறார்கள், காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று ஊதுகிற சைரன். உனக்கு அது பழகிய சத்தம். அவர்களுக்கு யாரோ சொல்லித்தான் விளங்கியது. எல்லோரும் சப்பாத்தைப் போட்டதும் போடாததுமாக இறங்கி ஓடினார்கள். தேத்தண்ணி அப்படியே ஆறியது. அவர்கள் திரும்பி வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் கதைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்கு ரொறன்ரோவில் உன் பெரியப்பாவைக் கலியாணம் செய்துவைத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறா. ஆனாலும் எப்போதாவது கேட்பா, “சமைக்கத் தெரியாது எண்டு சொன்னதாலதானே அவை ஓடினவை?” என்று. சில வருடங்களுக்கு முன் லாவாலில் ஒரு கலியாண மண்டபத்தில் அந்த ஒட்டாவா அம்மா என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், “உங்கட அக்கா ஏன் பிள்ளை எங்களை வேண்டாம் எண்டவா?” அன்று காரை நிறுத்த இடம் தேடித் தேடிக் களைத்துப் போனார்களாம். பாதியில் எழும்பி ஓடியது எங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும், அதுதான் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்து, வெட்கத்தில் இருந்துவிட்டார்களாம். நான் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். “அப்ப நான் இவ்வளவு காலமும் சமைக்கப் பழகினது சும்மாவோ?” என்றா.

இதை வைத்து, நீலக் கதவு வீட்டில் உன்னை யாரும் மறுக்கவில்லை, எல்லாம் சைரன்தான் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் உன்னைப் பார்த்தார்கள், வேறு பிள்ளைகளை விரும்பினார்கள், அது நடக்கக்கூடியதுதான். நான் சொல்வது, வெளியே வந்தவளுக்கு அந்த அறை தெரியாது. அதனால் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக் காரணமாக்கிக் கொள்கிறாள். ஒருத்தி சமையலை எடுத்துக்கொள்கிறாள். ஒருத்தி தாயின் தட்டை எடுத்துக்கொள்கிறாள். பிறகு பல வருடம் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.

அன்று பின்னேரம் மிச்ச வீடுகளுக்குப் போக மாட்டேன் என்று நீ கட்டிலில் கிடந்தாய். “விடு பிள்ளை, உனக்கு ஏன் இந்தக் கண்டறியாத வேலை” என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நீ நின்றிருப்பாய். ஆனால் நான் மூன்று வருடம் அந்தத் தெருவில் ஒன்றும் கேட்காமல் நடந்து போனவள். நீயும் அப்படி நடந்து வீட்டுக்கு வருவதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. “வெளிக்கிடு, நான் காருக்குள்ளேயே இருப்பன்” என்றேன். “சத்தியமா?” என்றாய். சத்தியம் செய்தேன். தெரு மூலையில் காரை நிறுத்திவிட்டு, சத்தியத்துக்குப் பயந்து, கால் விறைக்க உள்ளேயே இருந்தேன்.

அன்று நீ போன செங்கல் வீடுதான் இப்போது உன் வீடு. அங்கே ஒருத்தி, முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டாளாம். மற்ற எல்லா இடத்திலும் நன்றாகக் கதைத்த நீ, அங்கே ஒன்றும் தோன்றாமல் றோல்ஸ் கதையைச் சொன்னாயாம். அவள் சிரித்துவிட்டு, தட்டு எங்கே என்று கேட்டாளாம். கடைசி நாள் அவர்கள் கூப்பிட்டபோது நீ என்னை அழைத்து, ஒரு வசனமும் சொல்லாமல் கத்தினாய். அந்தத் தட்டுக் கதையை உண்மையாகவே அங்கே சொன்னாயா, இல்லை என்னைத் தேற்ற இட்டுக்கட்டினாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர்கள் என் றோல்ஸைச் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது.

இந்த ஒரு வருடத்தில் நீ மாறியிருக்கிறாய். கூட்டம் நடத்துகிறாய், சண்டை தீர்க்கிறாய், எனக்குச் சொல்லாத பாட்டுகளைக் குளிக்கும்போது பாடுகிறாய். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீ சமையலறையில் தொலைபேசியில் உன் சகோதரிகளோடு கதைத்துக்கொண்டிருந்தாய். வரப்போகிற பிள்ளைகளில் யாரையோ உங்களில் ஒருத்திக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. “நல்ல பிள்ளைதான், ஆனால்...” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அப்போது நான் உள்ளே வந்தேன். நீ நிறுத்திவிட்டாய். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போனேன். கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த “ஆனால்” தான் ஆரணி, ஒரு வருடமாக நான் தேடியது. நீலக் கதவு வீட்டில் உன் பெயருக்குப் பின்னால் வந்ததும் அதுவாகத்தான் இருக்கும். இப்போது அது உன் வாயில் இருக்கிறது. அதைச் சொல்லவே கூடாது என்று நான் கேட்கவில்லை. இருக்கிற இடம் எல்லோருக்கும் போதாது, யாரையாவது விடத்தான் வேண்டும். சொல்வதற்கு முன் உன்னையே ஒரு கேள்வி கேள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை உன் முன்னால் இருந்து கதைத்தபோது உன் காதில் என்ன சைரன் ஊதிக்கொண்டிருந்தது? பசியா? அடுத்தவள் வந்துவிடுவாள் என்ற அவசரமா? பக்கத்தில் நிற்பவள் முகம் சுளித்ததா? அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவது என்னவென்று பார்த்துவிட்டு, பிறகு உன் முடிவைச் சொல்.

இனி என் வாக்குக்கு வருகிறேன். அந்த அம்மாவின் பெயரை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. அவர் செயின்ட்-மிஷேலில் இருக்கிறாரா, லாவாலில் இருக்கிறாரா என்பதும் வேண்டாம். அவர் பேசியதை நான் எங்கள் பேச்சில் எழுதியிருக்கிறேன். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்கப் பார்க்காதே. வேலையிடத்தில் எனக்கு எல்லா மொழியிலும் சிநேகிதிகள் இருக்கிறார்கள், பிள்ளைக்காக ஒரு சொல் கேட்பது எல்லா மொழியிலும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கிறது. மகள் நல்ல பிள்ளை, கொஞ்சம் கூச்சம். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். சனிக்கிழமை உன் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்து அவரை அழைப்பேன். “மகளிட்டைச் சொல்லிட்டன்” என்பேன். அது பொய் இல்லை. உன் விதியும் உடையவில்லை.

அடுத்த கிழமை முழுக்க உன் கதவு தட்டப்படும். கூச்சத்தோடு யாராவது வந்து நிற்பாள். பேசிக்கொண்டே வருகிறவளும் கூச்சத்தை மறைக்கத்தான் பேசுகிறாளோ என்னவோ. தெரு மூலையில் ஏதாவது ஒரு காருக்குள், இறங்கக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டு ஒரு தாய் இருப்பாள். நான் வாக்குக் கொடுத்தது எந்தப் பிள்ளைக்காக என்பது உனக்குத் தெரியாது. ஆகவே கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், வந்து நிற்பவள் அவளாகவும் இருக்கலாம்.